வலி இல்லை என்று ஒரு கையெழுத்து

எனக்கு ஓட்டக்காரர்களைப் பிடிக்காது. மூன்று வருஷம் அவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுத்தவள் சொல்கிறேன், நம்பலாம். பேச்செல்லாம் தங்கள் கால்களைப் பற்றித்தான். நகம் கழன்றால் அதை எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் காட்டுவார்கள். உலகத்தில் போர் வந்தால்கூட அன்றைக்குப் பயிற்சி உண்டா இல்லையா என்றுதான் கேட்பார்கள்.

ஜோலீன் ஹால்வர்சன் இந்தக் கூட்டத்திலேயே மோசமானவள். ராணுவ அகாடமியில் அவளையும் என்னையும் ஒரே அறையில் போட்டபோது அவளுக்கு இருபத்தொன்று, எனக்குப் பதினெட்டு. வடக்கு டகோட்டாவில் ஒரு கல்லூரியில் இரண்டு வருஷம் ஓடியவள். தேசியப் போட்டிக்கு ஒரே ஒரு இடத்தில் தவறிப்போனாள். அடுத்த மாதமே கல்லூரிக்காரர்கள் ஓட்டக் குழுவை மூடிவிட்டோம் என்று எல்லோருக்கும் கடிதம் அனுப்பினார்கள். அப்போதுதான் எங்கள் கோச் பெல்லமி போன் செய்து, "இங்க வா, உனக்கு இடம் இருக்கு" என்று சொல்லியிருக்கிறார்.

இங்கே வருவது என்ன சும்மாவா? செனட்டரின் பரிந்துரை வேண்டும், உடல் சோதனை வேண்டும். எல்லாம் முடிய ஒரு வருஷம் ஆனது. அந்த ஒரு வருஷம் அவள் அப்பாவோடு கோதுமைக் கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டு, லாரிகள் போகும் சரளைப் பாதையில் தனியாக ஓடினாள். வந்த பிறகும், முன்னால் படித்த இரண்டு வருஷத்துக்கு இங்கே மதிப்பில்லை. முதலாம் ஆண்டிலிருந்து தொடங்கவேண்டும். தன்னைவிட ஒரு வயது சின்னவன் காதருகே நின்று கத்தினால் "சரி சார்" என்று சொல்லவேண்டும். படித்து முடித்ததும் ஐந்து வருஷம் பட்டாளத்தில் இருக்கவேண்டும்.

"இவ்வளவும் எதுக்குடி?" என்று முதல் வாரமே கேட்டேன்.

"ரெண்டு வருஷம் ஓடலாம்ல."

கல்லூரி ஓட்டத்துக்கு ஒரு விதி உண்டு. முதல் கல்லூரியில் கால் வைத்த நாளிலிருந்து ஐந்து வருஷம்தான். குழுவை மூடினாலும், செனட்டர் கடிதத்துக்காகக் காத்திருந்தாலும் அந்தக் கடிகாரம் நிற்காது. அவளுக்கு மூன்று போய்விட்டது, இரண்டுதான் மிச்சம். அந்த இரண்டில் ஒரு முறையாவது தேசியப் போட்டியின் தொடக்கக் கோட்டில் நிற்கவேண்டும். ஜெயிக்கக்கூட வேண்டாம், நின்றால் போதும். அதற்காகத் தன் வாழ்க்கையில் ஒன்பது வருஷத்தை எழுதிக் கொடுக்க வந்திருந்தாள், பைத்தியக்காரி.

எனக்கு அவளால் ஒரு பெரிய நன்மை கிடைத்தது. மதிய உணவுக்கு ஒவ்வொரு கம்பெனிக்கும், அதாவது நூறு பேர் கொண்ட படை அணிக்கும், தனி மேசைகள் உண்டு. மேசைக்குப் பத்துப் பேர். முதலாம் ஆண்டுக்காரர்கள்தான் பரிமாறவேண்டும். யாருக்கு எந்தப் பானம், ஐஸ் வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் மனப்பாடமாக இருக்கவேண்டும். கடைசியில் ஆப்பிள் பை என்கிற வட்டமான பழப் பணியாரத்தை நூல் பிடித்ததுபோல் எட்டுத் துண்டாகவோ ஒன்பது துண்டாகவோ வெட்டவேண்டும். யார் யாருக்கு வேண்டும் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். ஒன்பது சம துண்டு வெட்டிப் பாருங்கள், தெரியும். ஒரு துண்டு பெரிதாகிவிட்டால் வசவு வாங்கியே நேரம் போய்விடும். வாயில் ஒரு கவளம் போகாது. முதல் மாதத்தில் ஐந்து கிலோ இளைத்தேன்.

விளையாட்டுக் குழுக்காரர்களுக்கு மட்டும் தனி மேசை. அங்கே யாரும் கத்தமாட்டார்கள், தட்டு நிறையச் சாப்பிடலாம். ஜோலீன் பெல்லமியிடம் பேசி, நேரம் குறிக்கும் வேலைக்கு என்னைச் சேர்த்துவிட்டாள். எனக்கு ஸ்டாப்வாட்ச் பிடிக்கக்கூடத் தெரியாது.

"எதுக்குடி எனக்கு இதெல்லாம்?" என்று கேட்டதற்கு, "உன் கழுத்தெலும்பு எனக்குப் பாக்கச் சகிக்கல, வந்து சாப்பிடு" என்றாள்.

எங்கள் கம்பெனியில் இதைப் பார்த்துப் பொருமாதவர்கள் இல்லை. டன்ஹாம் என்று ஒரு மூன்றாம் ஆண்டுக்காரன், எங்கள் பிரிவுக்குத் தலைவன், இருபது வயது. தாழ்வாரத்தில் எங்களைச் சுவரோரம் நிறுத்திவைத்துக் கேட்பான்.

"என்ன ஹால்வர்சன், மகாராணிக்கு இன்னைக்கும் விருந்துதானா?"

"ஆமா சார்."

"பக்கத்துல யாரு, தோழியா?"

"நேரம் குறிக்கறவங்க சார்."

"உனக்கு வாட்ச்ல மணி பாக்கத் தெரியுமா நோலன்?"

"தெரியும் சார்."

"பரவாயில்லையே. பை வெட்டத்தான் தெரியல."

அவனைத் திட்டிக்கொண்டே இருவரும் அறைக்குள் போய்ச் சிரிப்போம். ஆனால் அவன் வெறும் பிரிவுத் தலைவன் மட்டுமல்ல. எங்கள் கம்பெனியின் நேர்மைக் குழுவுக்கும் அவன்தான் பிரதிநிதி. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் அகாடமியில் பொய் சொன்னால் வெளியே போகவேண்டியதுதான். சின்னப் பொய், பெரிய பொய் என்றெல்லாம் இல்லை. ஒருத்தி பொய் சொன்னது தெரிந்தும் பேசாமல் இருந்தவளுக்கும் அதே கதிதான். தெரிந்தவள் முதலில் அவளிடமே போய்க் கேட்கவேண்டும். அவளாகவே போய்ச் சொல்லிவிட்டால் தண்டனை லேசாகப் போகும். அதற்கு ஒரு நாள் அவகாசம். ஒரு நாளுக்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் இரண்டு பேரும் குற்றவாளிகள்.

கோடைப் பயிற்சியில் கனமான மூட்டையோடு பூட்ஸ் போட்டு நடக்கவிட்டதில் அவளுடைய இடது முழங்காலுக்குக் கீழே ஏதோ மெல்ல ஆரம்பித்திருக்கிறது. எனக்கு அக்டோபர் மாதம் வரை தெரியாது. ஒரு வியாழக்கிழமை மாலை அவள் ஒற்றைக் காலில் நின்று பல் தேய்ப்பதைப் பார்த்தேன்.

"என்னடி, கொக்கா நீ?"

"இடது கால் வலிக்குது."

"ரொம்பவா?"

"ஆணி அடிச்ச மாதிரி. மூணு வாரமா."

மறுநாள் வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை கடற்படை அகாடமியோடு போட்டி. ஒவ்வொரு வெள்ளியும் குழுவுக்கு வைத்தியம் பார்க்கும் மிசஸ் ஸ்லோவிக் ஒரு தாளை நீட்டுவாள். இந்த வாரம் எலும்பில் வலி உண்டா இல்லையா என்று குறித்துக் கையெழுத்துப் போடவேண்டும். நான் ஸ்டாப்வாட்ச் பெட்டியோடு பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஜோலீன் மிசஸ் ஸ்லோவிக்கின் நாயைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டே, தாளைக்கூடப் பார்க்காமல், 'இல்லை' என்பதில் கோடு போட்டுக் கையெழுத்திட்டாள்.

வெளியில் முதலாம் ஆண்டுக்காரர்கள் பேசக்கூடாது. அறைக்கு வந்து கதவைச் சாத்தும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

"ஏன்டி கையெழுத்துப் போட்ட?"

"எதுல?"

"அந்தத் தாள்ல. வலி இல்லைன்னு."

அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. "அது ஸ்லோவிக்கோட தாள்டி. எல்லாரும் இல்லைன்னுதான் போடுவாங்க. எந்த ஊர்ல ஓட்டக்காரி ஆமா வலிக்குதுன்னு எழுதியிருக்கா? எழுதினா உக்கார வெச்சுருவாங்க. அதுக்காகவே இல்லைன்னு போடறது, அது ஸ்லோவிக்குக்கும் தெரியும்."

"இது எந்த ஊருன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

அப்போதுதான் அவள் முகம் மாறியது. மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தாள். அவள் ஏமாற்ற நினைத்துப் போட்ட கையெழுத்து இல்லை அது. பத்து வருஷமாக ஓட்டக்காரி சொல்லிவந்ததைக் கை தானாகச் சொல்லிவிட்டது. எல்லா ஊரிலும் அது 'சௌக்கியமா' என்று கேட்டால் 'சௌக்கியம்' என்று சொல்வதுபோல்தான். எங்கள் ஊரில் மட்டும் அது குற்றம்.

"இப்பவே போ. தெரியாம போட்டுட்டேன்னு சொல்லு. விட்டுருவாங்க" என்றேன்.

"சொன்னா நாளைக்கு ஓட விடமாட்டாங்க."

"ஓடாட்டி என்ன?"

"நாளைக்கு ஓடறதப் பாத்துத்தான் கோச் ஏழு பேர எடுக்கறார். அந்த ஏழு பேர்தான் மண்டலப் போட்டிக்குப் போகலாம். அங்கேந்துதான் தேசியப் போட்டி."

"இந்தக் காலோட தேசியப் போட்டியா?"

"நடுவுல நாள் இருக்கு. தண்ணிக்குள்ள ஓடிச் சரி பண்ணிக்குவேன். ஞாயித்துக்கிழமை காலையில நானே போய்ச் சொல்றேன் நோலன். நாளைக்கு மட்டும் விட்டுடு."

"ஒரு நாள்தான் இருக்கு. நாளைக்குச் சாயங்காலத்தோட முடியுது."

"தெரியும்" என்றாள். கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை காலை போட்டி. குன்றும் புல்லுமாக ஆறாயிரம் மீட்டர். இரண்டு பக்கமும் முதல் ஐந்து பேர் வந்த இடங்களைக் கூட்டுவார்கள். யாருடைய கூட்டுத்தொகை குறைவோ அவர்களுக்கு வெற்றி. நான் முடிவுக் கோட்டில் வாட்சோடு நின்றேன். கடைசி மேட்டில் ஏறும்போது ஜோலீன் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தாள். இறக்கத்தில் அவள் இடது கால் தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது, மற்றவர்களுக்குத் தெரியக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். கடைசி நூறு மீட்டரில் கடற்படைக்காரி ஒருத்தியைத் தாண்டி இரண்டாவதாக வந்தாள். எங்களுக்கு இருபத்தேழு, அவர்களுக்கு இருபத்தெட்டு. அவள் அந்த ஒருத்தியைத் தாண்டாமல் இருந்திருந்தால் நாங்கள் தோற்றிருப்போம்.

முடிவுக் கோட்டுக்கு அப்பால் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு வலது காலில் நின்றாள்.

"எவ்வளவு?"

"இருபத்தொரு நிமிஷம் பன்னெண்டு."

அவள் வாழ்நாளில் ஓடிய மிக நல்ல ஓட்டம் அது. சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது எனக்கு ஓட்டக்காரர்களைப் பற்றி இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவளைக் கட்டிக்கொள்ளவேண்டும்போல் இருந்தது. பின்னால் வந்தவர்களின் நேரத்தைக் குறிக்க மறந்து நின்றேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு டன்ஹாமின் கதவை இரண்டு முறை தட்டினேன்.

ஏன் ஒரு நாள் பொறுக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பயம். என் அப்பா ஒஹையோவில் ஒரு டயர் கடையில் வேலை செய்கிறார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னை இங்கே அனுப்பும்போது எங்கள் தேவாலயத்தில் கேக் வெட்டினார்கள். இன்னொருத்தியின் காலுக்காக நான் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பிப் போவதா? விதி, நேர்மை என்றெல்லாம் விசாரணையில் சொன்னேன். அதெல்லாம் பிறகு வந்த பேச்சு.

டன்ஹாம் அன்று கிண்டல் செய்யவில்லை. நாற்காலியைக் காட்டி, "உக்காரு" என்றான். முதலாம் ஆண்டுக்காரியை யாரும் உட்காரச் சொல்லமாட்டார்கள்.

"அவகிட்டப் பேசிட்டியா?"

"பேசிட்டேன் சார். ஞாயித்துக்கிழமை அவளே வந்து சொல்றேன்னா."

"இன்னைக்குச் சனிக்கிழமை."

"ஆமா சார்."

"நீயே எழுதிக் கொடு" என்று காகிதத்தை நகர்த்தினான்.

நான் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், கீழே ஆஸ்பத்திரியில் ஜோலீனுக்கு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தார்கள். குளித்துவிட்டு வரும்போது கால் நிற்க மறுத்துவிட்டது. எலும்பு விரிசல் விட்டு மூன்று வாரம் ஆகியிருக்கும், இன்றைக்கு அது முழுவதும் உடைந்திருக்கிறது என்று மருத்துவர் எழுதினார். அந்தத் தாளும் ஸ்லோவிக்கின் தாளும் என் தாளும் திங்கட்கிழமை ஒரே மேசைக்குப் போய்ச் சேர்ந்தன.

டன்ஹாமிடம் போய்ச் சொன்னதை அவளிடம் நானே சொன்னேன். கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தாள்.

"எத்தனை மணிக்குப் போன?"

"அஞ்சு."

"சாப்பாட்டுக்கு முன்னாடியேவா" என்றாள். பழையபடி கழுத்தெலும்பைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன்.

நவம்பரில் விசாரணை. ஒன்பது கேடெட்டுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஊன்றுகோலோடு நின்றாள். கையெழுத்து தன்னுடையது என்றாள். அப்போது வலி இருந்தது என்றாள். வழக்கமாகப் போடுவது, யோசிக்காமல் போட்டேன் என்றாள். அது வரையில் அந்த ஒன்பது பேரில் பாதிப் பேர் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களிலும் விளையாட்டுக்காரர்கள் உண்டு.

நடுவில் இருந்தவன் கேட்டான். "யோசிக்காம போட்டதாவே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் யோசிச்சாச்சு. ஞாயித்துக்கிழமை நிச்சயமா வந்து சொல்லியிருப்பியா?"

ஆமாம் என்று சொல்லடி என்று எனக்குள் அலறினேன். ஆமாம் சார் என்று இரண்டே வார்த்தை. பொய்யா நிஜமா என்று கடவுளுக்குக்கூடத் தெரியாத விஷயம். அதைச் சொல்லிவிட்டால் லேசான தண்டனையோடு போயிருக்கும்.

அவள் சொன்னாள். "தெரியல சார். அன்னைக்கு ஏழு பேர்ல என் பேர் வந்திருந்தா, சொல்லியிருப்பேனான்னு தெரியல."

எனக்கு அவள்மேல் அப்படியொரு ஆத்திரம் வந்தது. ஒரு காகிதத்தில் பொய் எழுதியதற்காக நின்றவள், தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே இடத்தில் உண்மையைச் சொல்லிவிட்டுப் போகிறாள். அதோடு என்னையும் சேர்த்துக் கட்டிப்போட்டுவிட்டாள். நான் பொறுத்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளா, அல்லது இரண்டு பேரும் போயிருப்போமா? எனக்கு இன்றுவரை தெரியாது. அவளுக்கே தெரியாதபோது யாரைப் போய்க் கேட்பது?

ஜனவரியில் அகாடமியின் தலைவரான ஜெனரல் முடிவு சொன்னார். குற்றம் உறுதி. ஆனால் அவள் வயதையும் விசாரணையில் காட்டிய உண்மையையும் கருதி வெளியே அனுப்பவில்லை. வீட்டுக்குப் போய்விட்டு, கோடையில் அடுத்த வகுப்போடு மறுபடி முதலாம் ஆண்டில் சேரலாம். திரும்பிச் சேர்ந்த பின் ஒரு வருஷம் அகாடமிக்காக எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ளக்கூடாது. அவ்வளவுதான்.

கம்பெனி முழுவதும் சந்தோஷப்பட்டது. டன்ஹாம் அறைக்கே வந்து அவளுக்குக் கை கொடுத்தான். "தப்பிச்சுட்ட ஹால்வர்சன். இந்த மாதிரி மன்னிப்பு நான் பாத்ததே இல்ல." அவள் "நன்றி சார்" என்றாள். அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். அதனாலேயே அவனை அறையவேண்டும்போல் இருந்தது.

பெல்லமியிடம் வாட்சுகளைக் கொடுக்கப் போனபோது அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். "ரெண்டு வருஷம் இருந்துச்சு நோலன். ஒண்ணு காலோட போச்சு. இன்னொண்ணு மன்னிப்புல போச்சு" என்றார். பிறகு அடுத்த சீசனுக்கும் நேரம் குறிக்க வருவாயா என்று கேட்டார். வருகிறேன் என்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், குழு மேசையில்தான் தொடர்ந்து சாப்பிட்டேன்.

அவள் திரும்பி வரமாட்டாள் என்று நினைத்தேன். எதற்கு வரவேண்டும்? ஓடத்தான் வந்தாள், ஓட்டம் முடிந்தாயிற்று. ஆனால் இருபத்திரண்டு வயதில் கையில் பட்டமில்லை. பொய் சொன்னாள் என்று ஏட்டில் இருக்கிறது. உடைந்த காலை எந்தக் கல்லூரியும் கூப்பிடவில்லை. ஜூன் கடைசியில், பையைத் தூக்கிக்கொண்டு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றாள். நான் அப்போது இரண்டாம் ஆண்டு. புதிதாக வந்தவர்களைப் பிரித்துக் கொடுத்தபோது என் கையில் மூன்று பேரை ஒப்படைத்தார்கள். பட்டியலில் இரண்டாவது பெயர் ஹால்வர்சன்.

வேறு ஆளிடம் மாற்றித் தரச் சொல்லி டன்ஹாமிடம் கேட்டேன். அவன் இப்போது கடைசி வருஷம், கம்பெனிக்கே தலைவன். "அவ ஒண்ணும் சொல்லலியே. உனக்கென்ன?" என்றான்.

உண்மைதான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. முதல் நாள் தாழ்வாரத்தில் சுவரோரம் நின்று, என் நெற்றிக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு, "காலை வணக்கம் மேடம்" என்றாள். குரலில் கேலி இல்லை, கோபமும் இல்லை. ஏதாவது இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள எனக்கு ஒரு கொம்பு கிடைத்திருக்கும். தனியாகப் பேச இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் விதிப்படி பதில் சொன்னாள்.

ஆகஸ்டில் ஒரு நாள் காலை கம்பெனி முழுவதும் சேர்ந்து ஓடினோம். நான்கு நான்கு பேராக வரிசை. எல்லோரும் ஒரே அடி, ஒரே பாட்டு. ஆக மெதுவாக ஓடுகிறவனின் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். நான் வரிசைக்கு வெளியே, என் மூன்று பேருக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். ஜோலீனுக்கு எலும்பு கூடிவிட்டிருந்தது. ஆற்றங்கரை இறக்கம் வந்தது. அவள் செய்யவேண்டும் என்று செய்யவில்லை. இறக்கத்தில் கால் தானாக நீண்டது. தோள் தளர்ந்தது. இரண்டு அடி, மூன்று அடி, முன் வரிசைக்காரனின் முதுகை ஒட்டிவிட்டாள். அவன் தடுமாறினான், வரிசை வளைந்தது. ஒரு கணம் அவள் முகத்தில், போன வருஷம் முடிவுக் கோட்டில் பார்த்த சிரிப்பு மறுபடி வரப் பார்த்தது.

பின்னாலிருந்து டன்ஹாம் கத்தினான். "நோலன், உன் ஆளு வரிசைய உடைக்கறா. பாரு."

சொல்லவேண்டியது என் வேலை. கம்பெனியே ஓடிக்கொண்டிருந்தது, எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஹால்வர்சன், மெதுவா."

"சரி மேடம்."

காலைச் சுருக்கிக்கொண்டாள். எனக்கு மூச்சு வாங்கியது, அவள் பக்கத்துப் பையன் இரைத்துக்கொண்டிருந்தான், அவளுக்கு வியர்க்கக்கூட இல்லை. ஆனாலும் அடி கொஞ்சம் முந்திக்கொண்டேதான் இருந்தது. முன்னால் இருந்தவன் திரும்பி அவளைப் பார்த்தான்.

"இன்னும் மெதுவா" என்றேன்.